பைல் ஹேங் ஆனால் எந்த வழி: காத்திருப்பதா, மீட்பதா, புதிதாக அடிப்பதா?

வைகாசி முகூர்த்தம் நெருங்கும் வாரத்தில் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு டிடிபி சென்டரில், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் நின்றுபோனால், அதோடு சேர்ந்து பல பேர் நிற்க வேண்டியிருக்கிறது. மினி ஆப்செட்காரர் அச்சுப் பிளேட்டுக்குக் காத்திருப்பார். ரெடிமேட் கார்டை வாங்கிக்கொண்டு பாலக்கோட்டிலிருந்தோ போச்சம்பள்ளியிலிருந்தோ வந்த கல்யாண வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அவசரத்தில் கை தானாக டாஸ்க் மேனேஜருக்குப் போய் 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிடுகிறது. மீட்டிருக்கக்கூடிய மேட்டர் (அடித்த வாசகம்) பல நேரம் அந்த ஒரு கிளிக்கில்தான் போகிறது.

அந்த இடத்தில் என்னென்ன வழிகள் உண்டு, எதை எப்போது எடுப்பது என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எந்த வழியில் அதிகம் திரும்பக் கிடைக்கும் என்பதைவிட, கிடைத்த பைலை நம்பி பிளேட் போட முடியுமா என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறோம். முகூர்த்த நேரம் முதல் புரூபில் (சரிபார்க்கும் பிரதியில்) தப்பாக இருந்தபடியே அச்சாகிவிட்டால், பைல் திரும்பக் கிடைத்ததால் யாருக்கும் பயனில்லை.

முதலில் என்ன நடந்திருக்கிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் ஹேங் ஆகித் திரையிலேயே நிற்கிறது என்றால், அடித்த மேட்டர் இன்னும் மெமரியில் இருக்கிறது. மென்பொருள் தானாக மூடிக்கொண்டது அல்லது கரண்ட் போனது என்றால், கடைசியாக சேவ் ஆனது டிஸ்கில் இருக்கும். அதற்குப் பிறகு செய்தது மட்டுமே கேள்வி. பைலே திறக்க மறுக்கிறது என்றால் அது வேறு நோய், வேறு மருந்து.

ஹேங் ஆகி நிற்கும்போது

இங்கே இருப்பது இரண்டே வழி: காத்திருப்பது, மூடுவது. காத்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டீடெயில்ஸ்' பகுதியில் அந்த மென்பொருளின் சிபியூ, மெமரி எண்களை ஒரு நிமிடம் கவனியுங்கள். எண்கள் மாறிக்கொண்டிருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரிய பிளெக்ஸ் பேனரில் நிழல், டிரான்ஸ்பரன்சி எல்லாம் போட்ட கோரல்டிரா பைல் சேவ் ஆக 10 நிமிடம்கூட எடுக்கலாம். அந்த நேரத்தில் மூடினால், பாதி எழுதப்பட்ட பைல் மிஞ்சும். ஹேங் என்ற சின்னப் பிரச்சினை, திறக்காத பைல் என்ற பெரிய பிரச்சினையாக மாறுவது இப்படித்தான்.

சிபியூ பூஜ்யத்தில் நின்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்பதையும் விண்டோஸ் சொல்லும். டீடெயில்ஸ் பகுதியில் அந்தப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுங்கள். பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்பும் விண்டோஸ் பகுதி) சம்பந்தப்பட்ட பெயர் வந்தால் குற்றவாளி பிரிண்டர். பேஜ்மேக்கரும் கோரலும் பல நேரம் டீபால்ட் பிரிண்டரின் விவரங்களைக் கேட்டுப் பார்க்கும். பக்கத்து அறையில் நெட்வொர்க் பிரிண்டர் அணைந்திருந்தால் இவை பதிலுக்குக் காத்தே நிற்கும். பிரிண்டரை ஆன் செய்தால் பல நேரம் மென்பொருள் எழுந்துகொள்ளும். அதே மாதிரி, படங்கள் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து லிங்க் ஆகியிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அணைக்கப்பட்டிருந்தாலும் இது நடக்கும். அதை ஆன் செய்யுங்கள். முடியாவிட்டால் லேன் கேபிளைக் கழற்றுங்கள். சிறிது நேரத்தில் 'படம் கிடைக்கவில்லை' என்ற செய்தியோடு மென்பொருள் உயிர்பெறும்.

இன்னொன்று மிகச் சாதாரணமானது, ஆனால் அடிக்கடி நடப்பது: ஏதோ ஒரு கேள்விப் பெட்டி வேறு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆல்ட்+டேப் அழுத்திப் பாருங்கள். பெட்டி தெரியாவிட்டால் எஸ்கேப் ஒருமுறை அழுத்துங்கள். எண்டர் வேண்டாம், எந்தக் கேள்விக்கு 'ஆம்' சொல்கிறோம் என்று தெரியாது.

எண்கள் அசையாமல் 15 நிமிடம் கடந்துவிட்டால் மூடுவதே சரி. மூடும் முன் இரண்டு காரியம். திரையில் தெரியும் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுங்கள்; கடைசியாகச் செய்த கரெக்‌ஷன் அதில் படிக்கக் கிடைக்கும். அடுத்தது, சேவ் செய்யாமல் நிறைய அடித்திருந்தால் மட்டும் செய்ய வேண்டியது: அதே ரைட் கிளிக் மெனுவில் 'கிரியேட் டம்ப் பைல்'. மென்பொருள் அந்த நேரத்தில் மெமரியில் வைத்திருந்த எல்லாவற்றையும் டெம்ப் போல்டரில் ஒரு பெரிய பைலாக எழுதிவிடும். அதை ஹெக்ஸ் எடிட்டரில் (எந்தப் பைலையும் உள்ளபடியே காட்டும் மென்பொருள்) திறந்து, மேட்டரில் இருந்த ஒரு போன் நம்பரைத் தேடினால், சுற்றியிருக்கும் வரிகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு கார்டுக்காக இந்தப் பாடு தேவையில்லை. இருபது பக்கம் சேவ் செய்யாமல் அடித்தவருக்கு இதுதான் கடைசிக் கயிறு.

மென்பொருளே வைத்திருக்கும் பிரதி

மூடித் திறப்பதற்கு முன்னால், எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு வேலை கட்டாயம்: பைலை காப்பி செய்து வேறு போல்டரில் வையுங்கள். டெம்ப் போல்டரையும் பாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, முன்னும் பின்னும் % குறியிட்டு டெம்ப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் திறக்கும். தேதி வாரியாக அடுக்கி, ஹேங் ஆன நேரத்தை ஒட்டிய பெரிய பைல்களையும் அதே இடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். மென்பொருளை ஒழுங்காகத் திறந்து மூடினால் இவற்றில் பல அழிந்துவிடும்.

பேஜ்மேக்கரைப் பழசு என்று எல்லோரும் சொல்கிறோம். 7.0 வெளிவந்தது 2001இல். இன்றைய விண்டோஸுக்காக அது எழுதப்படவில்லை. ஆனால் மீட்பு விஷயத்தில் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, பெயர் மினி சேவ். பக்கம் மாற்றும்போது, பக்கம் சேர்க்கும்போது, நீக்கும்போது, பிரிண்ட் கொடுக்கும்போது, ஸ்டோரி எடிட்டருக்கு (மேட்டரை மட்டும் அடித்துத் திருத்தும் ஜன்னல்) போய் வரும்போது பைலுக்குள்ளேயே ஒரு தற்காலிகப் பதிவு செய்துகொள்ளும். ஆகவே கிராஷுக்குப் பிறகு பைலைத் திறந்தால் வருவது கடைசி மினி சேவ் நிலை. அது வேண்டாம், நாமே கண்ட்ரோல்+எஸ் கொடுத்த நிலை வேண்டும் என்றால் பைல் மெனுவில் 'ரிவர்ட்'. வேலையின் நடுவில் மினி சேவ் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஷிப்டை அழுத்திக்கொண்டு அதே 'ரிவர்ட்'.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மினி சேவ் பெரும்பாலும் பக்கம் திருப்பும்போதுதான் நடக்கிறது. கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் போன்ற பல பக்க வேலைகளில் இது அருமையாகக் காப்பாற்றும். ஒரே பக்கக் கல்யாணப் பத்திரிகையில் நீங்கள் பக்கமே திருப்புவதில்லை. மினி சேவும் நடப்பதில்லை. அப்படிப்பட்ட வேலையில் இடது கீழ் மூலையில் இருக்கும் அந்தப் பக்க எண் ஐகானையே அவ்வப்போது ஒருமுறை கிளிக் செய்தால் போதும், மினி சேவ் ஆகிவிடும்.

கோரல்டிரா வேறு விதம். நேரக் கணக்குப்படி பேக்கப் எடுக்கும். மாற்றாமல் விட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. பைல் பெயருக்கு முன்னால் 'ஆட்டோபேக்கப் ஆஃப்' என்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய பிரதியை 'பேக்கப் ஆஃப்' என்று தனியாக வைக்கும் வசதியும் உண்டு. கிராஷ் ஆன பிறகு மறுபடி திறக்கும்போது 'பைல் ரெக்கவரி' என்று கேட்கும். ஓகே கொடுங்கள். அவசரத்தில் கேன்சல் கொடுத்துவிட்டால், அடுத்து கோரலை ஒழுங்காக மூடும்போது அந்த பேக்கப் அழிந்துவிடும். தெரியாமல் கேன்சல் கொடுத்துவிட்டீர்களா? கோரலை மூடாதீர்கள். பைல் இருக்கும் போல்டரையும் டெம்ப் போல்டரையும் திறந்து அந்தப் பிரதியை முதலில் வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள்.

20 நிமிடம் என்பது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் டின் லேபிள் வேலை குவியும் மே, ஜூன் மாதங்களுக்கு அதிகம். 5 நிமிடமாகக் குறைப்பது நல்லது. ஆனால் பெரிய பிளெக்ஸ் பைல்களில் ஒவ்வொரு பேக்கப்பின்போதும் திரை சில வினாடி உறையும், எரிச்சலில் ஆபரேட்டர்கள் வசதியையே அணைத்துவிடுவார்கள். லேபிள், கார்டு அடிக்கும் கம்ப்யூட்டரில் 5, பிளெக்ஸ் கம்ப்யூட்டரில் 15 என்று பிரித்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்டிசைன் இந்த மூன்றில் மிக அக்கறையானது. நாம் சேவ் கொடுக்காவிட்டாலும் மீட்புத் தகவலைத் தனிப் போல்டரில் எழுதிக்கொண்டே இருக்கும். கிராஷுக்குப் பிறகு திறந்தால் தலைப்புப் பட்டையில் 'ரெக்கவர்ட்' என்ற குறிப்போடு அந்தப் பைல் தானாக வரும். அதை உடனே பழைய பெயரில் சேவ் செய்யாதீர்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் வையுங்கள், பழையதும் கையில் இருக்கட்டும். சில நேரம் மீட்ட பைலே கிராஷுக்குக் காரணமாக இருந்து, இன்டிசைனைத் திறக்கும்போதெல்லாம் மூடிக்கொள்ளும். அப்போது 'இன்டிசைன் ரெக்கவரி' போல்டரில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறக்க வேண்டும். அந்தப் போல்டர் எங்கே இருக்கிறது என்பது பிரிபரன்சஸில் 'பைல் ஹேண்ட்லிங்' பகுதியில் தெரியும். அழிக்க வேண்டாம், நகர்த்தினால் போதும்.

போட்டோஷாப்பில் இந்த வசதி சிஎஸ்6 முதல்தான்; 10 நிமிடத்துக்கு ஒருமுறை. இன்னும் 7.0 வைத்து ஆல்பம் செய்பவர்களுக்கு மீட்பு என்று ஒன்றும் இல்லை. டிஸ்கில் தெரியும் போட்டோஷாப் டெம்ப் பைலைத் திறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இலவச ஸ்கிரைபஸ் பயன்படுத்துபவர்கள், பைல் இருந்த போல்டரில் பெயருக்குப் பின்னால் 'எமர்ஜென்சி' என்று ஒட்டிய பைல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஷ் ஆகும் நொடியில் ஸ்கிரைபஸ் எழுத முயன்ற பிரதி அதுதான்.

பைலே திறக்காதபோது

சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போவதும், பென் டிரைவில் வைத்தே வேலை செய்துவிட்டு அப்படியே பிடுங்குவதும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள். பேஜ்மேக்கரில் 'பேட் ரெக்கார்ட் இண்டெக்ஸ்' போன்ற செய்தி வரும். பைலுக்குள் எந்த மேட்டர் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பட்டியல் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். மேட்டர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆகவே மனம் தளர வேண்டியதில்லை.

இங்கே பழுது பார்ப்பது, மேட்டரை மட்டும் உருவுவது என்று இரண்டு பாதை பிரிகிறது.

பைல் திறக்கிறது, ஆனால் ஏதாவது செய்தால் எரர் வருகிறது என்றால் பழுது பார்ப்பது மேல். பேஜ்மேக்கரில் அம்புக்குறி டூலை எடுத்து, எதையும் செலக்ட் செய்யாமல், கண்ட்ரோலும் ஷிப்டும் அழுத்திக்கொண்டு டைப் மெனுவில் 'ஹைபனேஷன்' கொடுங்கள். அது பைல் முழுவதையும் சோதித்து, மேட்டரை மறுபடி கோத்துப் பார்க்கும். ஸ்பீக்கர் ஆன் ஆகியிருக்கட்டும், பதில் சத்தத்தில்தான் வரும். ஒரு பீப் என்றால் குறை இல்லை. இரண்டு பீப் என்றால் குறை இருந்தது, சரி செய்தாயிற்று. மூன்று பீப் என்றால் குறை இருக்கிறது, சரி செய்ய முடியவில்லை. இரண்டு பீப் கேட்டதும் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் வையுங்கள்; பைல் சுருங்கிச் சுத்தமாகும். மூன்று பீப் கேட்டால் அந்தப் பைலோடு போராடுவதை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. இன்னும் நான்கு பக்கம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், பிளேட் போகும் நேரத்தில் மறுபடி நிற்கும்.

மூன்று பீப் வந்த பைலுக்கு அடுத்த வழி ஸ்டோரியை, அதாவது தொடர்ச்சியான மேட்டரை மட்டும் இழுப்பது. அதே பக்க அளவில் புதுப் பைல் திறந்து, பைல் மெனுவில் 'பிளேஸ்' கொடுத்து, கெட்டுப்போன பேஜ்மேக்கர் பைலையே தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்டோரிகள் பட்டியலாக வரும். வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளலாம். லேஅவுட்டை மறுபடி செய்ய வேண்டும், ஆனால் அடித்த மேட்டர் எழுத்துருவோடு வந்துவிடும். சிஎஸ்6 அல்லது அதற்கு முந்தைய இன்டிசைன் எங்காவது இருந்தால் அதில் பேஜ்மேக்கர் பைலைத் திறந்து பார்ப்பதும் பயன் தரும். அதற்குப் பிந்தைய பதிப்புகளில் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது.

இதுவும் ஆகாவிட்டால் எம்எஸ் வேர்டு. ஓப்பன் பெட்டியில் பைல் வகைப் பட்டியலில் 'ரெக்கவர் டெக்ஸ்ட் பிரம் எனி பைல்' இருந்தால் அதைத் தேர்ந்து, கெட்டுப்போன பைலின் காப்பியைத் திறங்கள். பக்கம் பக்கமாகக் குப்பை ஓடும். அதற்குள் தமிழ் மேட்டர் ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும், ஏனென்றால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. கண்டுபிடிக்க ஓர் அடையாளம்: பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. எனவே இரண்டு மூன்று எழுத்துக்கு ஒருமுறை ; வந்துகொண்டே இருக்கும் பகுதி தமிழ் மேட்டர். அதை மட்டும் செலக்ட் செய்து பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் "நிகழும் மங்களகரமான" என்று திரையில் எழுந்து வரும். டாம், டேப் என்ற வேறு குறியீட்டு முறை எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் வேறு இடங்களில் உட்கார்ந்திருப்பதால் சில எழுத்துகள் மாறவோ விழவோ செய்யலாம். அங்கே இந்த வழியை முழுதாக நம்ப முடியாது.

கோரலில் கெட்டுப்போன பைலை 'ஓப்பன்' செய்வதற்குப் பதில், புதுப் பைலில் 'இம்போர்ட்' கொடுத்துப் பார்ப்பது முதல் முயற்சி. இரண்டாவது, இங்க்ஸ்கேப் அல்லது லிப்ரேஆபிஸ் டிரா. இரண்டுமே இலவசம், இரண்டுமே கோரல் பைலைப் படிக்கும், சில நேரம் கோரலே மறுத்ததைத் திறந்துவிடும். நிறமும் எழுத்துருவும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ்4 முதல் கோரல் பைல் உள்ளுக்குள் ஒரு ஜிப் பைல்தான். காப்பியின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே ஒரு சின்ன முன்னோட்டப் படமாவது கிடைக்கும். டிசைன் எப்படி இருந்தது என்று பார்த்து மறுபடி செய்ய உதவும்.

இன்டிசைனில் ஐடிஎம்எல்தான் (பைலை வேறு பதிப்பிலும் திறக்க உதவும் மாற்று வடிவம்) மருந்து. திறக்கிற பைலை ஐடிஎம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து, அதைத் திறந்து புதுப் பெயரில் சேவ் செய்தால், உள்ளே தேங்கிய பழுது பெரும்பாலும் வடிந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போதே நின்றால், பக்கங்களைப் பாதி பாதியாக 'மூவ் பேஜஸ்' மூலம் புதுப் பைலுக்கு நகர்த்துங்கள். எந்தப் பாதியில் நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 64 பக்க மலரில் ஆறே சுற்றில் குற்றவாளிப் பக்கம் தனியாக அகப்படும். பெரும்பாலும் அங்கே ஒரு கெட்ட படம் இருக்கும், அல்லது கெட்ட எழுத்துரு.

பிடிஎஃப்பா, மறுபடி அடிப்பதா

வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய புரூப் பிடிஎஃப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது மொபைலில் தேதி நேரத்தோடு இருக்கிறது, வாடிக்கையாளர் படித்துப் பார்த்தது. இன்னும் ஓரிரு கரெக்‌ஷன்தான் பாக்கி என்றால், கெட்ட பைலை நோண்டுவதைவிட இதுவே நல்ல வழி. கோரலில் பிடிஎஃப்பை இம்போர்ட் செய்யும்போது எழுத்தை டெக்ஸ்ட்டாக எடுக்கவா, கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) எடுக்கவா என்று கேட்கும். கர்வ் கொடுத்தால் அச்சில் பார்த்தபடி அப்படியே வரும், திருத்த முடியாது. டெக்ஸ்ட் கொடுத்தால் திருத்தலாம், வரிகள் துண்டு துண்டாக உடையும். ஆகவே கர்வாக எடுத்துக்கொண்டு, மாற வேண்டிய வரியை மட்டும் அழித்துப் புதிதாக அடிப்பதே வேகமும் பாதுகாப்பும். இன்டிசைனில் பிடிஎஃப்பைப் பக்கமாகப் பிளேஸ் செய்து, அந்த வரியின் மேல் வெள்ளைப் பெட்டி போட்டு மறைத்து, புது வரி வைக்கலாம்.

யூனிகோடு தமிழில் செய்த பிடிஎஃப்பிலிருந்து மேட்டரைக் காப்பி எடுப்பது மட்டும் வேண்டாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னும் பின்னும் இடம் மாறி வரும். 'கொ' என்பது மூன்று துண்டாகச் சிதறியிருக்கும். அதைத் திருத்துவது அடிப்பதைவிட நேரம் பிடிக்கும், கண்ணுக்குத் தப்பிய பிழையும் உள்ளே நிற்கும்.

புரூபை பிடிஎஃப்பாக இல்லாமல் போட்டோவாக அனுப்பியிருந்தால், வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கும். அச்சுக்கு ஆகாது, பார்த்து அடிக்க ஆகும். நீளமான மேட்டர் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும். தெளிவான அச்சுப் பிரதி என்றால் நன்றாகவே படிக்கிறது. வருவது யூனிகோடு, ஆகையால் பேஜ்மேக்கருக்குக் கொண்டுபோக என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கை வேகமுள்ள ஆபரேட்டருக்கு ஏ4 பக்கம் ஒன்று அடிக்க 20 முதல் 30 நிமிடம். இதை வைத்து எங்கள் தீர்ப்பு இது. நான்கு பக்கத்துக்குள் உள்ள வேலைக்கு மீட்பு முயற்சியை அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு அடிக்க ஆரம்பியுங்கள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, நினைவஞ்சலி, கிராம சபை நோட்டீஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் மீட்பில் இரண்டு மூன்று மணி நேரம் செலவழிப்பது நியாயம். நடுவில் உள்ளவற்றுக்கு, கடையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மீட்கட்டும், இன்னொருவர் கடைசிப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வரட்டும். மீட்பைப் பாதியில் கைவிட்டாலும் வேலை பாதி முடிந்திருக்கும்.

ஹார்ட் டிஸ்கே போய்விட்டால்தான் பெங்களூரு டேட்டா ரெக்கவரி கடைகளுக்குக் கொண்டுபோவது பற்றி யோசிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து சுமார் 40. தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் நாளை அச்சுக்குப் போக வேண்டிய வேலைக்கு அது வழியே அல்ல. பல ஆண்டு டிசைன் சேகரிப்பு போயிருந்தால் செய்யலாம். டிஸ்கில் கடக் கடக் என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல் அப்படியே கழற்றிக் கொண்டுபோங்கள்.

மீட்ட பைல் எந்த நேரத்துப் பைல்?

எந்த வழியில் வந்தாலும் மீட்ட பைல் சில நிமிடமோ சில மணி நேரமோ பின்னால் இருக்கும். இரண்டாம் புரூபில் சொன்ன கரெக்‌ஷன் அதில் ஏறியிருக்கிறதா என்பதைப் பைலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். கரெக்‌ஷன் குறித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியையும் பைலில் தேடி டிக் போட வேண்டும். தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், போன் நம்பர் ஆகியவற்றை ஒருவர் தாளிலிருந்து படிக்க மற்றவர் திரையில் பார்ப்பது நல்லது. தேதியும் கிழமையும் காலண்டரோடு ஒத்துப் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வேலைகளுக்கு இன்னும் ஒரு சோதனை சேரும். ஒரே கார்டில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு. வேறு கம்ப்யூட்டரில் மீட்டால், இல்லாத எழுத்துருவுக்குப் பதில் எதை வைக்கட்டும் என்று பேஜ்மேக்கர் கேட்கும். அந்தப் பெட்டியில் 'டெம்பரரி' என்பதே தேர்வில் இருக்க வேண்டும். 'பெர்மனன்ட்' கொடுத்து சேவ் செய்துவிட்டால், எந்த வரி எந்த மொழியில் இருந்தது என்ற தகவலே போய்விடும். மொழி தெரியாத ஆபரேட்டர் அதைத் திரும்ப வரிசைப்படுத்த முடியாது. எழுத்துருக்கள் உள்ள கம்ப்யூட்டரிலேயே மீட்பு வேலையைச் செய்யுங்கள்.

யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அதனால் பைல் போவதில்லை. ஏப்ரல், மே மாலைகளில் காற்றும் மழையும் சேர்ந்து வரும்போது சொல்லாமல் போகிற கரண்ட்தான் பைலைக் கெடுக்கிறது. கடையில் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அதில் 'நார்மல்', 'யுபிஎஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளி அதிகம், விளக்கும் பேனும் தாங்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் பெரும்பாலும் தாங்கும். ஆனாலும் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ் வைப்பதையே பரிந்துரைப்போம். நல்ல பேட்டரியில் ஒரு கம்ப்யூட்டரும் மானிட்டரும் 10 நிமிடமாவது ஓடும். சேவ் செய்து மூட அது போதும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் சோர்ந்துவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். 3 நிமிடத்துக்குக் கீழே வந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

அந்த யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். லேசர் பிரிண்டர் சூடேறும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். கரண்ட் இல்லாதபோது யாராவது பிரிண்ட் கொடுத்தால் யுபிஎஸ் ஓவர்லோட் ஆகி அணைந்து, திறந்திருந்த பைலோடு கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். பிரிண்டருக்குச் சுவர் சாக்கெட்டே சரி.